நகரம் போய் வந்த கணக்கும் பதினெட்டு முட்டையும்

சேசு மரி சூசை துணை

புனித வால்புர்கா பங்கு, விஸ்கான்சின்
ஜூலை 23

வணக்கத்துக்குரிய சகோதரி மேரி ஃபெலிசிட்டா அவர்களுக்கு, உடன்பிறந்த தங்கை பெர்னிதா பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், என் வீட்டுக்காரர் நார்பர்ட், பெண்கள் கோலெட், நோரா, கறவையில் இருக்கும் நாற்பத்திரண்டு மாடுகள் எல்லோரும் ஆண்டவர் அருளால் சுகம். அதுபோல் அங்கே மடத்தில் உன் மூட்டுவலியும், நீங்கள் வளர்க்கும் தேனீக்களும் நல்லபடியாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். மடத்துத் தாயார் கடிதங்களை முதலில் வாசித்துவிட்டுத்தான் தருவார்கள் என்று போன முறை எழுதியிருந்தாய். தாயார் அவர்களே, தங்களுக்கும் என் தோத்திரம். இந்தக் கடிதத்தில் ஒரு இடத்தில் என் கணவர் "நாசமாப் போக" என்று சொல்கிறார். நடந்ததை மாற்றி எழுதுவது பொய் ஆகிவிடும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன். காகிதம் பால் சங்கத்து ரசீதுகளின் பின்பக்கம். அதற்கும் பொறுத்தருள வேண்டும்.

அக்கா, நீ ஒன்பது நாள் நவநாள் வைத்தாயே, கோலெட்டின் காரியத்துக்காக, அது கேட்கப்பட்டது. முதலிலேயே சொல்லிவிட்டேன், நீ படபடப்போடு படிக்க வேண்டாம்.

நடந்தது என்னவென்றால், சிகாகோவில் நர்சுப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, உபகாரச் சம்பளமும் உண்டு என்று ஏப்ரலில் கோலெட்டுக்குக் கடிதம் வந்ததிலிருந்து நார்பர்ட் சாப்பாட்டு மேசையில் பேசுவதைக் குறைத்துவிட்டார். பெற்றோர் கையெழுத்து வேண்டிய தாள் ஒன்று இருந்தது. அது இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். நகரம் காசைத் தின்னும், காசு தீர்ந்ததும் ஆளைத் தின்னும் என்பது அவர் கட்சி. அவர் கடைசியாக நகரத்துக்குப் போனது எங்கள் கல்யாணத்துக்கு முன்னால், ஒரு டிராக்டர் கண்காட்சிக்கு, அங்கே ஒரு சூப்புக்கு ஏழு டாலர் வாங்கினார்கள். அந்தச் சூப்பை இருபத்தைந்து வருடமாக எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் விடவில்லை. இருபத்திரண்டு வருடமாக இந்த வீட்டுக் கணக்கை எழுதுகிறவள் நான், எந்த வருடமும் ஒரு காசு உதைத்ததில்லை. சிக்கனமாக இருக்கத் தெரிந்தவர்களுக்கு நகரமும் நம் தொழுவமும் ஒன்றுதான் என்றேன். அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "சரி பெர்னி. நாம நாலு பேரு. நாலு நாளு. எண்ணூறு டாலரு. அதுக்குள்ள போயிட்டு வந்து காட்டு, கையெழுத்துப் போடறேன். ஒரு டாலர் கூடுனாலும் அவ இங்கயே பக்கத்து ஊர்ல படிக்கட்டும்," என்றார். கோலெட் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும், அக்கா. அன்றே உனக்கு நவநாளுக்கு எழுதினேன்.

மாடுகளை நார்பர்ட்டின் தம்பி லாம்பர்ட்டிடம் ஒப்படைத்தோம். நார்பர்ட் அவருக்கு ஒன்பது பக்கம் குறிப்பு எழுதிக் கொடுத்தார், எந்த மாட்டுக்கு எந்தப் பக்கம் நின்றால் பிடிக்காது என்பது உட்பட. நான் முப்பத்தாறு முட்டை அவித்தேன். ஆளுக்கு மூன்று, நாலு பேர், மூன்று காலை, கணக்குச் சரி. ரொட்டி ஆறு, பாலாடைக்கட்டி ஒரு பாறாங்கல் அளவு, ஊறுகாய், ஆப்பிள், எல்லாம் ஐஸ்பெட்டிக்குள். தங்குவதற்கு நகரத்தின் நடுவில் ஒரு ராத்திரிக்குக் கேட்ட விலையில் ஒரு கன்றுக்குட்டி வாங்கலாம் என்பதால் நாற்பது மைல் வெளியே ஒரு விடுதி பிடித்தேன். ஜன்னலைத் திறந்தால் சோளக்காடு. நார்பர்ட் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு நம்ம வீட்டுலயே இருந்திருக்கலாமே," என்றார்.

திங்கள்கிழமை முதல் அடி விழுந்தது. ஏரிக்கரையில் வண்டி நிறுத்தும் கட்டிடத்துக்குள் நுழைந்தோம், நோரா ஆசைப்பட்டாளே என்று பெரிய ராட்டினத்தில் ஏறினோம், அதற்கு எண்பது டாலர், அது முன்கூட்டியே எழுதி வைத்த செலவு, மேலே போனபோது நான் கண்ணை மூடிக்கொண்டு அருள்நிறை மந்திரம் சொன்னதால் காட்சி எப்படி என்று தெரியாது. ஆனால் திரும்பி வந்து வண்டியை எடுக்கப் போனால் இயந்திரம் ஐம்பத்திரண்டு டாலர் கேட்கிறது. வண்டி சும்மா நின்றதற்கு. அப்போதுதான் நார்பர்ட் நான் மேலே சொன்ன அந்த வார்த்தையைச் சொன்னார். பிறகு இயந்திரத்தைச் சுற்றி வந்து பின்பக்கம் யாராவது ஆள் இருக்கிறாரா என்று பார்த்தார். நான் நோட்டில் எழுதினேன். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி வண்டியை விடுதிக்குப் பக்கத்து ரயிலடியில் விட்டுவிட்டு மூன்று நாள் சீட்டு எடுத்து ரயிலில் போவது என்று. எடுத்த பிறகுதான் திங்களும் ஒரு நாளாகக் கணக்கு, சீட்டு புதனோடு முடியும் என்று தெரிந்தது.

நார்பர்ட்டுக்கு எங்கே படுத்தாலும் நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். கறக்க மாடு இல்லை என்றாலும் கை சும்மா இருக்காது. "வானம் பாத்துட்டு வரேன்," என்று வெளியே போவார். முதல் நாளே பிள்ளைகள் இருவரையும் எழுப்பிக் கூட்டிப் போனார். நான் அந்த நேரம் செபமாலை சொல்வேன். கோடைவிடுமுறையில் பிள்ளைகளை விடியலுக்கு முன் எழுப்பி ஆண்டவருடைய வானத்தைக் காட்டுகிற தகப்பன் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று மனசு நிறைந்தது. திரும்பி வந்ததும் நோராவின் வாயோரம் வெள்ளையாக இருந்தது. பல்லை நன்றாகத் துலக்கியிருக்கிறாள் என்று பாராட்டினேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். காலை உணவை என் செபமாலை முடிவதற்குள் அவர்களே எடுத்துப்போட்டுச் சாப்பிட்டுவிடுவார்கள். முறுமுறுப்பே இல்லை. மூன்று நாளும் அவித்த முட்டையை யாரும் குறை சொல்லவில்லை, அக்கா. வீட்டில் இப்படி நடந்ததே கிடையாது.

செவ்வாய்க்கிழமை அதனால் ஆறரைக்கே நகரத்துக்குள் இருந்தோம். எல்லாவற்றுக்கும் வெளிப்பக்கத்தைப் பார்த்தோம். அருங்காட்சியகத்தின் கதவு, மீன்காட்சியின் கதவு, பெரிய கடைகளின் இரும்புத் தட்டி. நார்பர்ட் ஒவ்வொரு கதவையும் இழுத்துப் பார்த்து, "பத்து மணிக்குத்தான் எந்திரிப்பாங்க போல," என்று வருத்தப்பட்டார். பத்து மணிக்கு அருங்காட்சியகம் திறந்தது. அன்று அந்த மாநிலத்துக்காரர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு ஆளுக்கு இருபத்துநாலு டாலர். சீட்டு கொடுக்கும் பெண் தலையை நிமிர்த்தாமலே இல்லினாய்க்காரங்கதானே என்று கேட்டாள். தலையை ஆட்டினால் போதும், அக்கா. தொண்ணூற்றாறு டாலர். நார்பர்ட் கூரையைப் பார்த்தார். கோலெட் தரையைப் பார்த்தாள். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பிறகு, "இல்லம்மா. விஸ்கான்சின். பால்பண்ணை," என்றேன். பண்ணையை எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. தொண்ணூற்றாறு டாலர் கட்டி உள்ளே போய் நார்பர்ட் ஒன்றரை மணி நேரம் பார்த்தது ஒரே ஒரு பழைய கலப்பையை. அதில் கொழுமுனை வைத்த விதம் தப்பு என்று காவலாளியிடம் சொன்னார், அவர் எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை கல்லூரியைச் சுற்றிக் காட்டினார்கள். படுக்கை அறைகள், சமையலறை, பொம்மை நோயாளிகள் படுத்திருக்கும் கூடம். அந்தப் பொம்மைகளுக்கு மூச்சு ஏறி இறங்கும், இருமல்கூட வரும். கூட்டிப் போன அம்மாள் யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டபோது, முப்பது பெற்றோர் நடுவில் நார்பர்ட் கையைத் தூக்கினார். "இங்க படிக்கற பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமப் போனா யாரு பாத்துப்பாங்க?" என்றார். நர்சுக் கல்லூரியில். எல்லோரும் சிரித்தார்கள், அந்த அம்மாளும் சிரித்தாள். நார்பர்ட்டுக்குக் காது சிவந்துவிட்டது. கோலெட் மட்டும் சிரிக்கவில்லை, போய் அவர் பக்கத்தில் நின்றாள். கையெழுத்துப் போட வேண்டிய தாளை மறுநாள் வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அலுவலகத்தில் நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் விடுதியில் நோட்டை விரித்துக் கூட்டினேன். திரும்பிப் போகும் பெட்ரோல், சுங்கச்சாவடி, கடைசி நாள் எல்லோருமாகக் கடையில் சாப்பிடுவதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்த பீட்சா எல்லாவற்றையும் ஒதுக்கினால் எண்ணூறுக்கு மிச்சம் இருபத்தாறு டாலர் எண்பத்தைந்து காசு. வியாழக்கிழமை அறையைக் காலி செய்துவிட்டு நேராகக் கிளம்புவதால் வண்டியோடுதான் நகரத்துக்குள் போக வேண்டும். வண்டியை நிறுத்தினால் மறுபடி ஐம்பத்திரண்டு. பீட்சாவை வெட்டலாம், ஆனால் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. எனக்கு அந்த இருபத்தைந்து டாலர் வித்தியாசம் கோலெட்டின் முகம் மாதிரியே தெரிந்தது.

ஆண்டவர் வழி விட்டார், அல்லது விட்டதாக நினைத்தேன். கல்லூரிக்கு நாலு தெரு தள்ளி ஒரு பெரிய செங்கல் கோவில். பக்கத்தில் விசாலமான மைதானம். "வழிபட வருவோர் வண்டிகளுக்கு மட்டும்" என்று பலகை. நார்பர்ட் பலகையைப் பார்த்து, போகலாம் என்றார். நான், "நிறுத்துங்க. வழிபடுவோம். முழுப் பூசையும் பார்ப்போம். அப்ப இது நம்ம வண்டிக்கும் இடந்தான்," என்றேன். பத்து மணிக்குப் பூசை என்று போட்டிருந்தது. எங்களிடம் கோவிலுக்குப் போகும் உடுப்பு இருந்தது. நார்பர்ட் கல்யாணத்துக்கு எடுத்த கறுப்புக் கோட்டு, நான் கரு நீலப் பாவாடை. விடுமுறை என்று ஆண்டவர் முன்னால் அரைக்கால் சட்டையோடு நிற்கிற குடும்பம் இல்லையே நாம். உடுத்திக்கொண்டு உள்ளே போனோம். கோவிலின் நடுவில் சவப்பெட்டி இருந்தது.

வெளியே வந்திருக்கலாம் என்று நீ நினைப்பாய். நினைத்துப் பார், அக்கா. நாலு பேர், தலை முதல் கால்வரை கறுப்பு, மொத்தக் கோவிலிலும் முப்பது பேர்கூட இல்லை, எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்துத் தலையசைக்கிறார்கள். ஒரு வயதான அம்மாள் என் கையைப் பிடித்து அழுதாள். திரும்பி நடக்க முடியுமா? இறந்தவர் பெயர் காசிமிர் பிலார்ஸ்கி, எண்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாதவர், பேருந்து ஓட்டியவர். சாமியார் நல்ல பிரசங்கம் வைத்தார். நானும் அழுதேன். கோலெட்டும் அழுதாள். நோரா என் காதருகில் வந்து, "அம்மா, இவரு நமக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். "கிறிஸ்துவுக்குள்ள சகோதரர்," என்றேன். "அதில்லம்மா, நெசமா," என்றாள்.

பூசை முடியும்போது அடக்கத்துக்கு ஏற்பாடு செய்கிற கம்பெனிக்காரர் ஓசையில்லாமல் எங்கள் வரிசைக்கு வந்தார். நார்பர்ட்டின் தோளைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். பெட்டி தூக்க ஐந்து பேர்தான் இருக்கிறார்கள், ஆறாவதாக வரவிருந்த தங்கை மகனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, ஐயா ஒரு கை கொடுக்க முடியுமா என்று கேட்டார். எங்கள் ஊரில் சவப்பெட்டிக்குக் கூப்பிட்டு மாட்டேன் என்று சொன்ன ஆண்பிள்ளை இதுவரை கிடையாது. நார்பர்ட் எழுந்து போய் இடது பக்கம் பின்பிடியைப் பிடித்தார். பெட்டி தூக்குபவர்களைத் தனிக் கறுப்பு வண்டியில் ஏற்றினார்கள். கல்லறை பதினாறு மைல் தள்ளி. நான் மைதானத்துக்கு வந்து பார்த்தால் எங்கள் வண்டியை முன்னும் பின்னும் அடைத்து ஊர்வலத்தில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள், கூரை மேல் ஊதாக் கொடி ஒன்று ஒட்டியிருக்கிறது. சாவி என்னிடம். புருஷன் முன்னால் போகிற வண்டியில். நான் நம் ஊர்ச் சந்தைக்கு அப்பால் வண்டி ஓட்டியவள் இல்லை.

அந்தக் கொடி எனக்கு உறுத்தியது. அது உறவினர்களுக்கு. வண்டி நிறுத்த வந்தவர்களுக்கு அல்ல. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கோலெட், "அம்மா, வேணாம்மா, அது இருக்கட்டும்," என்றாள். "பொய் வேஷம் போடக் கூடாது," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியாத அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முன்னால் போகும் கறுப்பு வண்டியில் நார்பர்ட்டின் பின்னந்தலை தெரிந்தது. அந்தத் தலையை விட்டால் இந்த நகரத்தில் அவரை மறுபடி எங்கே தேடுவேன்? விளக்கு சிவப்போ பச்சையோ, எல்லோரும் போனார்கள், நானும் போனேன். எல்லாச் சம்மனசுகளையும், வானதூதர் அத்தனை பேரையும், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நோரா பின்னாலிருந்து, "அம்மா கண்ணத் தொறந்து ஓட்டுங்க," என்றாள்.

கல்லறையிலிருந்து திரும்பியதும் கோவிலுக்கு அடியில் இருக்கும் கூடத்தில் சாப்பாடு. நாங்கள் விடைபெறலாம் என்று படியிறங்கினோம். ஆனால் சமையலறைக் கதவு திறந்திருந்தது, அக்கா. உள்ளே இரண்டே இரண்டு பெண்கள். ஹாம், அந்தப் பன்றித்தொடை, இன்னும் முழுசாகக் கிடக்கிறது, வெட்டவில்லை. காப்பிப் பாத்திரத்துக்கு மின்கம்பி சொருகவில்லை. உருளைக்கிழங்கு சாலட்டுக்கு வெங்காயம் உரிக்கவில்லை. வெளியே எல்லோரும் உட்காரத் தொடங்கிவிட்டார்கள். பதினோரு வருடமாக நம் புனித வால்புர்கா பங்கில் அடக்கச் சாப்பாட்டுக் குழுவுக்குத் தலைவி நான். என் கைக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை. ஆணியில் தொங்கிய சமையல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன். கோலெட்டை ஹாமுக்கு அனுப்பினேன், நோராவைக் கரண்டி அடுக்க வைத்தேன், நான் வெங்காயத்தை எடுத்துக்கொண்டேன். அங்கே பொறுப்பாக இருந்த ஸ்டெல்லா அம்மாள், எழுபது வயது இருக்கும், கையில் காப்பித்தூள் பையை வைத்துக்கொண்டு என்னைக் கால் மணி நேரம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"நீங்க யாரும்மா? காசிமிர் பக்கமா, அவன் தங்கச்சி பக்கமா?"

கத்தியைக் கீழே வைத்தேன். "யார் பக்கமும் இல்லைங்க. வண்டி நிறுத்த வந்தோம்."

அவள் வெங்காயக் குவியலைப் பார்த்தாள். "அம்பது வருஷமா இந்தக் கோவில்ல இருக்கேன்," என்றாள். "வண்டிய நிறுத்திட்டு ஓடறவங்களத்தான் பாத்திருக்கேன். நிறுத்திட்டு வெங்காயம் உரிக்கறவங்கள இன்னிக்குத்தான் பாக்கறேன்." பிறகு, "கடுகு விழுது கொஞ்சம் கூடப் போடு, எங்க ஆளுங்களுக்கு உறைக்கணும்," என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் கவனிக்கப் போனாள்.

எல்லோருக்கும் பரிமாறிய பிறகு நாங்களும் உட்கார்ந்தோம். ஸ்டெல்லா நார்பர்ட்டின் தட்டில் இரண்டாவது தடவை ஹாம் வைத்து, "மாட்டுக்காரராமே? அதான் பெட்டி ஒரு பக்கமும் சாயாம போச்சு," என்றாள். அவர் நன்றி சொன்னார். ஆனால் சாப்பிடவில்லை. எதிரே கோலெட் உட்கார்ந்திருந்தாள். நார்பர்ட் முள்கரண்டியை உருட்டிக்கொண்டே என்னிடம் மெல்லச் சொன்னார்.

"எண்பத்தெட்டு வருஷம் இந்த ஊர்ல இருந்திருக்கான் அந்த மனுஷன். பாதி ஊர அவன்தான் ஏத்தி எறக்கியிருக்கான். தூக்க ஆறு பேரு இல்ல. ஆறாவது ஆளத் தெருவுலருந்து கடன் வாங்கறாங்க. இந்த ஊருக்கா எம்பொண்ண அனுப்பச் சொல்ற?"

எண்ணூறு டாலருக்குள் எல்லாவற்றையும் அடக்கி வைத்திருந்தேன், இதற்கு மட்டும் நோட்டில் இடம் இல்லை. அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். கோலெட் வாயிலிருந்ததை விழுங்கினாள்.

"அப்ப இன்னொரு ஆளு இங்க இருந்தா நல்லதுதானேப்பா," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். வெட்டிய ஹாமை இன்னொரு மேசைக்கு எடுத்துப் போய்விட்டாள். நார்பர்ட் தட்டைக் காலி செய்தார்.

சாப்பிட்ட சாப்பாட்டுக்கு மனசாட்சி கேட்காததால் காசிமிர் ஆத்துமத்துக்குப் பூசை வைக்கும் பெட்டியில் இருபது டாலர் போட்டேன். ஆறு டாலர் எண்பத்தைந்து காசு மிச்சம். இரண்டு மணிக்குக் கல்லூரியில் தாளை வாங்கினோம். நார்பர்ட் அதை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். பீட்சாவைச் சாப்பிட்டோம். எழுபத்தொரு டாலர் முப்பத்துமூன்று காசு. வயிறு ஏற்கெனவே நிறைந்திருந்ததால் பாதியைக் கட்டி வாங்கினோம். பிறகு வீட்டைப் பார்த்து. வண்டியை நார்பர்ட் ஓட்டினார். நம் மாநிலத்துக்குள் வந்து பெட்ரோல் போட நிறுத்தினார். அவர் போடப் போட நான் முன்சீட்டில் நோட்டை வைத்துக் கூட்டினேன். விடுதி 246.42, பெட்ரோல் 118.60, சுங்கம் 27.80, அருங்காட்சியகம் 96, ரயில் 60, பீட்சா 71.33, அந்த நாசமாப் போன வண்டி நிறுத்தம் 52 (தாயார் மன்னிக்க, இது என் வார்த்தை), ராட்டினம் 80, மெழுகுதிரியும் காணிக்கையும் 21, காசிமிருக்கு 20. எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று டாலர் பதினைந்து காசு. கீழே கோடு போட்டேன். ஜன்னலை இறக்கித் தொகையைச் சொன்னேன்.

"அப்படியா?" என்றார் நார்பர்ட். என்னைக் கொஞ்சம் விசித்திரமாகப் பார்த்தார். ஜெயித்தவளைத் தோற்றவர் பார்க்கும் பார்வை என்று எடுத்துக்கொண்டேன். "பேனாவக் குடு," என்றார். வண்டியின் முன்பக்கத்தில் தாளை விரித்துக் கையெழுத்துப் போட்டார். கோலெட் இறங்கி ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பின்னால் பெட்ரோலுக்கு நின்றவன் ஹாரனை அடித்தான், நார்பர்ட் அவனுக்குக் கையை ஆட்டினார். மறுநாளே தாளைத் தபாலில் சேர்த்துவிட்டேன். ஆகவே அக்கா, இந்தக் கருத்துக்கு இனி நீ செபிக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தை நார்பர்ட்டின் முழங்காலுக்கு மாற்றிக்கொள்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும், தாயாரிடமும் கேட்டுப் பார். வீட்டுக்கு வந்து ஐஸ்பெட்டியைக் கழுவத் திறந்தால் அதில் பதினெட்டு முட்டை. எண்ணிப் பார்த்தேன், மறுபடியும் எண்ணினேன். முப்பத்தாறு கொண்டுபோனேன், முப்பத்தாறும் சாப்பிட்டாக வேண்டும், யாரும் பசி என்று சொல்லவில்லை, பிள்ளைகள் முகம் தெளிவாக இருந்தது. சரியாகப் பாதி மிச்சம். ஐந்து அப்பம் ஐயாயிரம் பேருக்குப் போதுமானதாக இருந்தது நமக்குத் தெரியும். நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் பயணம் முழுவதும் ஒரு கை எங்களோடு இருந்தது என்று எனக்குத் திடமாகத் தெரியும். பங்குச் சாமியாரிடம் சொன்னேன், அவர் இருமினார்.

தாயாருக்கும் மடத்துச் சகோதரிகள் எல்லோருக்கும் எங்கள் தோத்திரம். பிள்ளைகள் உன் கையை முத்தி செய்கிறார்கள். தேன் அனுப்புவதாக இருந்தால் பழைய போத்தலிலேயே அனுப்பு, புதிது வாங்காதே. ஆண்டவர் உன்னைத் தம் சிறகுக்குள் காப்பாராக.

உன் அன்புத் தங்கை,
பெர்னிதா

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் இன்றைய தபால் வந்தது. சிகாகோவிலிருந்து இரண்டு உறைகள். சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு அபராதம், ஒன்றுக்கு நூறு டாலர், புகைப்படத்தோடு. கொடி கூரை மேல் இருந்திருந்தால் சவ ஊர்வலம் என்று விட்டிருப்பார்களாம். படத்தில் கொடி என் மடியில் இருக்கிறது. ஆக மொத்தம் 993.15. நிபந்தனைப்படி அந்தக் கையெழுத்து செல்லாது. தாள் தபாலில் போய்விட்டது. மத்தியானம் முழுவதும் உறைகளை மாவு டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். என்னால் முடியவில்லை, அக்கா. கறவை நேரத்தில் தொழுவத்துக்குப் போய் இரண்டையும் நார்பர்ட்டிடம் நீட்டி, கணக்குத் தப்பு, எண்ணூறைத் தாண்டிவிட்டது, கொடியை எடுத்தது என் அகங்காரம் என்று சொல்லி அழுதேன்.

அவர் மாட்டின் மடியைத் துடைத்து முடித்தார். எழுந்து கைகளைத் துடைத்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து கசங்கிய மூன்று சீட்டுகளை எடுத்து என் கையில் வைத்தார். டோனட் கடை ரசீதுகள். செவ்வாய், புதன், வியாழன், காலை நாலே முக்கால், நாலே முக்கால், நாலு ஐம்பது. மொத்தம் நாற்பத்தொரு டாலர் முப்பத்தைந்து காசு. பழைய இரும்பு விற்ற காசாம்.

"இதக் கூட்டு," என்றார்.

கூட்டினேன். 793.15 என்று நான் சொன்னபோது உண்மையில் 834.50.

"நீ ஜன்னல எறக்கித் தொகையச் சொன்னப்பவே அது எண்ணூறத் தாண்டிருச்சு, பெர்னி. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பேனா கேட்டேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த மாட்டுக்குப் போனார். அங்கிருந்தே, "அபராதத்தச் சுற்றுலாக் கணக்குல எழுதாத. காசிமிர் கணக்குல எழுது. அவருக்காகப் போனதுதானே," என்றார்.

எழுதிவிட்டேன். கோலெட் ஆகஸ்ட் கடைசியில் போகிறாள். நார்பர்ட்டே கொண்டுபோய் விடுகிறாராம். போகிற வழியில் ஸ்டெல்லா அம்மாளுக்கு ஒரு பாலாடைக்கட்டி. வண்டியைக் கோவில் மைதானத்தில்தான் நிறுத்துவாராம், அதற்காகப் பூசையும் பார்ப்பாராம்.

முட்டையைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடு. இன்னொரு தாளில் திரும்ப எழுதினால் காகிதம் வீண். தாயாரிடம் நீயே பக்குவமாகச் சொல். நோரா அன்று பல் துலக்கவும் இல்லையாம். அது சர்க்கரைத் தூள்.